பாடியவர்கள்: குழுவினர்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் லூர்துராஜ் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். கோயில் படியிறங்கிக் குடையை விரித்து, ஏரிக்கரையை ஒட்டி நடந்து, ஒண்டிக்கடைச் சந்திப்புக்குச் சற்று அப்பால் மாதேஷ் வைத்திருக்கும் பழைய சாமான் கடைக்குப் போவார். கைமாறிப்போன பங்களாக்களிலிருந்து வந்து குவிந்த கட்டில், கடிகாரம், கண்ணாடி அலமாரி ஆகியவற்றுக்கு நடுவே இசைத்தட்டுகள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்வார். ஒவ்வொரு தட்டாக எடுத்து, அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கடைசி எழுத்துவரை படித்து, மெல்லிய துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். எஸ்டேட்டில் ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாகப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வழக்கம் நடந்து வருகிறது. மனைவி ஈவ்லினை அடக்கம் செய்த வாரம் ஒன்றுதான் இடையில் தவறியது.

அவர் எதையோ தேடுகிறார் என்பது மாதேஷுக்குத் தெரியும். தேடும் பொருள் கிடைக்காதபோதெல்லாம் அவர் உள்ளூர நிம்மதி அடைகிறார் என்பது தெரியாது. புற்றுக்குள் பாம்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவன், இல்லை என்று கண்டதும் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சை விட்டுவிட்டுத்தான் லூர்துராஜ் வாரந்தோறும் முக்காலியை விட்டு எழுவார்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் ஞாயிறு. காலை ஒன்பது மணியாகியும் ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. மூடுபனி கடைவாசல்வரை வந்து நின்றிருந்தது.

"வாங்க ரைட்டர் சார்," என்றான் மாதேஷ். "வாரா வாரம் வந்து தூசி தொடச்சுட்டுப் போறீங்க. நியாயமாப் பாத்தா நாந்தான் உங்களுக்குச் சம்பளம் குடுக்கோணும்."

"வேற ஆள் வச்சா கீறல் போட்டுருவான், மாதேஷு."

"அதுஞ்செரி. நேத்து புதுசா ஒரு பெட்டி வந்துச்சுங்க. ரிசார்ட்டுக்கு வித்த பங்களாவுல கெடந்தது. இன்னும் பிரிக்கல. நான் பிரிச்சா பிள்ளையார் சுழி, நீங்க பிரிச்சா சிலுவை. எதையாச்சும் போட்டுப் பிரிங்க."

லூர்துராஜ் பிரித்தார். எட்டுத் தட்டுகள் வழக்கமானவை. ஒன்பதாவது தட்டின் அட்டையில், காப்பிச் செடிகளுக்கிடையே வெள்ளைக் குடை பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். அவள் முகத்தின் நிறம் பாதி உதிர்ந்துபோயிருந்தது. மேலே 'முகில் தூங்கும் மலை' என்று வளைந்த எழுத்தில் இருந்தது. அவர் அட்டையைத் திருப்பினார். எட்டுப் பாடல்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலுக்கு நேரே, 'காப்பிக் காட்டுப் பாட்டு. பாடியவர்கள்: குழுவினர்' என்று இருந்தது.

"என்னங்க சார், பேயறஞ்ச மாதிரி ஆயிட்டீங்க? இப்பிடி ஒரு படம் நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே."

"ஆறு நாள் ஓடின படம்."

"ஆறு நாளா? அப்ப அது ஓடுலீங்க. நடந்திருக்குது."

லூர்துராஜ் சிரிக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத் தட்டைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். குடையைக் கடையிலேயே மறந்து வந்தது, வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தட்டை ஓடவிடுவார். அன்று ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடவிட்டார். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல முதலில் ஓர் இரைச்சல் வந்தது. பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றைப் பெண்குரல் எழுந்தது.

"மேகம் இறங்குதடி, மேட்டுக் காடு நனையுதடி,
கூடை நிறைஞ்ச பின்னே கொம்பூதும் நேரமடி..."

பயிற்சி பெற்ற குரலன்று. சரிவில் நிற்பவள் பள்ளத்தில் இருப்பவளுக்குச் சேதி சொல்வதுபோல உயரப் போய், அங்கேயே சற்று நின்று, பின் இறங்கியது. மூன்று நிமிடங்களில் பாட்டு முடிந்தது. முள் வெற்றுத் தடத்தில் சுற்றிச் சுற்றி உரசிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வைக்கவும் அவருக்குக் கை எழவில்லை. அந்தக் குரல் எவருடையது என்பது இந்த மலையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். மற்றவள் அந்தக் குரலுக்கு உரியவள்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி அது. லூர்துராஜுக்கு அப்போது இருபத்தேழு வயது. எஸ்டேட் ரைட்டர் என்றால் விடியற்காலையில் மஸ்டர் மைதானத்தில் நின்று பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் வேலை செய்தார் என்று பேர்ப் புத்தகத்தில் எழுதுகிறவர். கங்காணி மறக்கலாம், துரை மறக்கலாம், புத்தகம் மறக்காது என்பது எஸ்டேட்டில் பழமொழிபோல வழங்கிய பேச்சு.

பாடல்களே கதையாக ஓடும்படி ஒரு படம் எடுக்கச் சென்னையிலிருந்து கூட்டம் ஒன்று வந்து மலையில் தங்கியிருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் பாட்டை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று அந்த இயக்குநருக்கு ஒரு பிடிவாதம். கோயில் பாடகர் குழுவில் இன்பமேரி பாடியதைக் கேட்டு, பங்களா ஒன்றின் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, அவளை ஒரு நாள் வரச் சொன்னார். இன்பமேரி தலைச்சோலை ஊர்ப் பெண், எஸ்டேட்டில் பழம் பறிப்பவள்; வயது பத்தொன்பது. அதுவோ பழம் பறிக்கும் காலம். யாருக்கும் லீவு கிடையாது. நிரந்தரத் தொழிலாளர் பட்டியல் அந்த மாதந்தான் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் புத்தகத்தில் பேர் விழாவிட்டாலும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

அவள் வந்து, "ஒரே நாளுங்க ரைட்டரய்யா," என்று நின்றாள்.

லூர்துராஜ் இரங்கினார். "போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்," என்றார்.

ஓடைக்கு அப்பால் நாற்றங்கால் இருந்தது. அங்கே ஓர் ஆள்தான் வேலை செய்வார். மற்றவர் கண்ணில் படமாட்டார். புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே 'இன்பமேரி, நாற்றங்கால், முழு நாள்' என்று எழுதினார். எழுதியதோடு விடவில்லை. நாற்று வாடினால் குட்டு வெளிப்படுமே என்று மாலையில் தாமே ஓடையில் நீர் மொண்டு, இருட்டும்வரை நாற்றுகளுக்கு ஊற்றினார். அவ்வளவு நல்ல மனம். அந்த நல்ல மனமே பிறகு அவர் வாயைத் தைத்தது.

அடுத்த ஆண்டு படம் சேலத்துக்கு வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த இன்பமேரி, "படத்துல ஒரு பாட்டு நான் பாடினது," என்று தோழிகளிடம் சொல்லிவிட்டாள். ஞாயிறன்று எஸ்டேட் லாரியில் முப்பது பேர் கிளம்பினார்கள். கூட்டம் சேரவில்லை என்று கொட்டகைக்காரர் படத்தின் நீளத்தைக் குறைக்கப் பாட்டுகளை வெட்டியிருந்தார் என்பது எவருக்கும் தெரியாது. இன்பமேரியின் பாட்டு திரையில் வரவே இல்லை. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. அடிவாரத்திலிருந்து மலையேறும்போது இருபது வளைவுக்கும் இருபது கேலி.

"அந்த ஈரோயின் மூச்சு வாங்குச்சு பாரு, அது இவதான் வாங்குனது," என்றாள் தோழி ஆன்மேரி. லாரி குலுங்கச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மஸ்டரில் கேலி தொடர்ந்தது. இன்பமேரி அழுகையும் ஆத்திரமுமாக முன்னால் வந்து, "மாதா சத்தியமா நான் பாடினேன். அன்னைக்கு நான் வேலைக்கே வரல. ரைட்டரய்யாவக் கேளுங்க," என்றாள். தனக்கு வேலை போகும் என்பதைப் பற்றி அந்த நேரத்தில் அவள் எண்ணவில்லை.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் லூர்துராஜ் பக்கம் திரும்பினார். "போன வருசப் புத்தகத்தப் பிரிங்க ரைட்டரே."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈவ்லின் நிறைமாதமாக இருந்தாள். பொய்ப் பேர் எழுதிய ரைட்டருக்கு எந்த எஸ்டேட்டிலும் வேலை கிடையாது. லூர்துராஜ் அந்தத் தேதியின் பக்கத்தைப் புரட்டி, தலையைத் தூக்காமல் படித்தார்: "இன்பமேரி. நாற்றங்கால். முழு நாள்."

யாரும் உடனே சிரிக்கவில்லை. மாதாவின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்தவள் கோயிலில் திருப்பாடல் பாடலாகாது என்று பாடகர் குழுத் தலைவர் அந்த வாரமே அவளை விலக்கினார். அன்று மூடிய வாயை இன்பமேரி பிறகு பாடத் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில், பெண்கள் பக்கத் தூணோரம் நிற்பாள். கோயிலே பாடும்போதும் அவள் உதடு அசையாது. அதை, பூசையில் வேதவாசகம் படிக்கும் லூர்துராஜ் மேடையிலிருந்து நாற்பத்துநான்கு ஆண்டுகளாகப் பார்த்து வந்தார்.

ஒரு கதை உண்டு. காட்டை விட்டு யாரும் போகக்கூடாது என்று சிங்கம் கட்டளையிட்டிருந்தது. காவலிருந்த நரி முயலுக்கு இரங்கி, கடலைப் பார்த்துவர அனுப்பிவிட்டு, முயலின் வளைக்குள் ஒரு கல்லை உருட்டி வைத்து, "முயல் தூங்குகிறது" என்று சிங்கத்திடம் சொல்லிவிட்டது. திரும்பி வந்த முயல், "கடல் நீலமாக இருந்தது" என்றது. காடே சிரித்தது. "நரியைக் கேளுங்கள்" என்றது முயல். "முயல் வளையில்தான் இருந்தது" என்றது நரி. அதிலிருந்து முயலுக்குப் பிறர் பேச்சைக் கேட்கும் காது நீண்டது. தான் பேசும் வாய் சிறுத்தது. இந்தக் கதையை லூர்துராஜ் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். நரி என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டால், விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமை தட்டை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு தலைச்சோலைக்குப் பஸ் ஏறினார். இன்பமேரி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்துநான்கு வயதுக்கு மீறி உடம்பு இளைத்துப்போயிருந்தது. அவரைக் கண்டதும் முறத்தை நிறுத்தினாள்.

"வாங்க ரைட்டரய்யா. ஊடு தேடி வந்திருக்கீங்க. யாரு போய்ச் சேந்தாங்க?"

"யாரும் இல்ல. இதைப் பாரு."

துணியை விலக்கிக் காட்டினார். அவள் தொடவில்லை. குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"குழுவினர்னு போட்டிருக்குதுங்களே. அன்னைக்கு நான் ஒருத்திதாங்க நின்னேன். முன்னால ஒரு மைக்கு நின்னுச்சு. அதையுஞ் சேத்துக்கிட்டாங்களாட்ட இருக்குது."

லூர்துராஜ் நின்றபடியே சொன்னார். பொய் எழுதியதைச் சொன்னார், பொய் படித்ததைச் சொன்னார், பயந்ததைச் சொன்னார். அவர் முடித்ததும் அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"இத எங்கிட்ட வந்து சொல்றீங்களே. எனக்குத் தெரியாததாங்க? அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாதவங்கதான் ஊரு நெறைய இருந்தாங்க."

"உண்மையச் சொல்லியிருந்தா உன் பேரும் பட்டியல்ல இருந்து போயிருக்கும், மேரி."

"போயிருந்தா வேற எஸ்டேட்டுக்குப் போயிருப்பேனுங்க. கூடை எங்கயும் கூடைதான். பாட்டுக்கு நான் எங்க போறது?"

லூர்துராஜ் தட்டை மறுபடி துணியில் சுற்றியபடி, "பிளேயர் கொண்டாந்து போட்டுக் காட்டட்டுமா? நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே," என்றார்.

"கேட்டதில்லீங்க. நொம்ப நாளு கேக்கோணும்னு இருந்துச்சு." முறத்தை மறுபடி எடுத்தாள். "இந்த ஊட்டுல வேண்டாங்க. தனியா ஒக்காந்து கேக்கறதுக்கு, எனக்குள்ளயே கேட்டுக்கறேன். கேட்டா, சிரிச்சவங்களோட சேந்துதான் கேப்பேன். அவங்கள்ல முக்காவாசிப் பேரு கல்லறைக்குப் போயிட்டாங்க. இங்க ஆன்மேரி இருக்கா. மாரமங்கலத்துல முத்தாயி இருக்கா."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. காப்பித்தண்ணி குடிக்கச் சொன்னாள். அவர் குடித்தார்.

சிரித்தவர்களோடு சேர்ந்து கேட்பது என்றால், சிரித்தவர்களிடம் அந்தக் குரல் அவளுடையதுதான் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அட்டையில் பெயர் இல்லை. அவள் பாடிக் கேட்டு நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆனதால், குரலை வைத்து அடையாளம் காணவும் ஆள் இல்லை. லூர்துராஜ் வாயைத் திறந்தால்தான் அந்தத் தட்டு சாட்சி சொல்லும். திறந்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். இன்றைக்கும் பழைய தொழிலாளர்கள் தங்கள் வேலைக்காலத்தை மெய்ப்பிக்க அவரிடம்தான் வருகிறார்கள். 'ரைட்டர் சொன்னால் சரி' என்ற ஒரு சொல்தான் அவர் ஆயுளில் சேர்த்தது.

சனிக்கிழமை பங்குச்சாமியாரைப் பார்த்தார். அவர் இளைஞர், வேறு ஊர்க்காரர்.

"இவ்வளவு பழைய விஷயம். பாவசங்கீர்த்தனத்துல சொன்னா போதாதா ஐயா?"

"அஞ்சு சாமியாருங்ககிட்டச் சொல்லியாச்சு, சாமி. அஞ்சு பேரும் மன்னிச்சுட்டாங்க. எனக்கு மன்னிப்புக் கெடச்சுது. அந்தம்மாவுக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல."

சாமியார் சிறிது யோசித்துவிட்டு, பூசை முடிந்து அறிவிப்புகளுக்குப் பின் ஐந்து நிமிடம் தந்தார்.

ஞாயிறன்று மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் பாதி இருக்கைகளே நிறைந்திருந்தன. பலிபீடத்துக்குக் கீழே ஒரு சிறு மேசையில் ரெக்கார்டு பிளேயரை வைத்துவிட்டு லூர்துராஜ் மைக்கின் முன் வந்தார். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த லாரி மலையேறியபோது பிறக்காதவர்கள். இன்பமேரியைச் சிறுபிள்ளைகள் 'சினிமாப் பாட்டி' என்று கூப்பிடுவார்கள். ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கேலி செய்தவர்கள் மறைந்தும் கேலி மட்டும் பெயராக நின்றுவிட்டது.

"நான் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன்," என்று தொடங்கினார். "என் புத்தகத்தில் ஒரு பொய் இருக்கிறது. இன்பமேரி அம்மாள் நாற்றங்காலில் வேலை செய்ததாக நான் எழுதிய அந்த நாளில், அவர் நாற்றங்காலில் இல்லை. நான்தான் அனுப்பினேன். அவர் பங்களாவில் ஒரு படத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். நான் என் வேலைக்குப் பயந்து பொய்யைப் படித்தேன். அவர் செய்தது பொய்ச் சத்தியம் அல்ல. பொய் சொன்னவன் நான்."

குழந்தை ஒன்று இருமியது. நடு வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது, மழை ஒரு கணம் ஓய்ந்ததால் மைக் வரை கேட்டது: "அப்ப எங்கப்பன் சர்வீசையும் இப்பிடித்தான் எழுதுனாரோ என்னமோ."

லூர்துராஜ் அந்தத் திசையைப் பார்த்து, "கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு," என்றார். பிறகு குனிந்து முள்ளைத் தடத்தில் வைத்தார். முள் சற்று வழுக்கி, முந்தைய பாட்டின் கடைசி வாத்தியம் ஒரு நொடி ஒலித்தது. அதன் பிறகு அந்தக் குரல் வந்தது.

இளையவர்கள் சிலர் தலையைத் தூக்கினார்கள். சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு பழைய பாட்டு. முன் வரிசையில் ஆன்மேரி மட்டும், முதல் அடி முடியுமுன்னே முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூணோரம் இன்பமேரி, ஓர் அந்நியப் பெண் பாடுவதைக் கேட்பவள்போல, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றாள். அவள் உதடு அசையவில்லை.

கோயில் கலைந்தபோது லூர்துராஜை வழக்கமாகச் சூழ்கிறவர்கள் சூழவில்லை. ஆன்மேரி தடியை ஊன்றிக்கொண்டு இன்பமேரியிடம் போனாள்.

"ஏண்டி, அன்னைக்கே ஒரு தடவ பாடிக் காட்டியிருக்கக் கூடாதா? வாயடைச்சுப் போயிருப்பேனே."

"பாடவா விட்டீங்க? இருவது வளைவும் சிரிச்சுக்கிட்டே வந்தீங்க."

ஆன்மேரி அவள் கையைப் பிடித்தாள். இன்பமேரி கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, திரும்பப் பிடிக்கவுமில்லை. பிறகு, பிளேயரைத் துணியில் கட்டிக்கொண்டிருந்த லூர்துராஜிடம் வந்தாள்.

"ரெண்டாவது அடிய மாத்திப் பாடியிருக்கேனுங்க. 'கூடை நிறையுமுன்னே'ன்னு வரோணும். இன்னொரு தடவ பாடறேன்னு அன்னைக்கே சொன்னேன். போதும்னுட்டாங்க."

"இப்பப் பாடலாமே," என்றார் அவர்.

"தொண்டை தூந்து போச்சுங்க. தூந்த கிணத்துல வாளிய விட்டா சேறுதான் வரும்."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "முத்தாயிக்குக் காது மந்தம். நல்லாச் சத்தமா வையுங்க," என்று மட்டும் சொன்னாள்.

"நீங்களும் வாங்க, இன்பமேரி அம்மா."

"வாரேனுங்க. அவ மூஞ்சியப் பாக்கோணும்."

மாரமங்கலம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. இருவரும் மழையில் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றார்கள். பிளேயரை நனையாமல் காக்க லூர்துராஜ் தம் மேல்துண்டை அதன்மேல் போட்டிருந்தார். பஸ் வந்ததும் அவளை முதலில் ஏறவிட்டு, கண்டக்டரிடம் சீட்டு வாங்கும்போது, முத்தாயியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்: அன்று இன்பமேரி நாற்றங்காலில் இல்லை, நான் எழுதியது பொய்.